சந்தையில் ஒரு கடை, சொந்த இடத்தில் ஒரு கடை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'சிறுதொழிலுக்குச் சொந்த இணையதளம் எதற்கு?' என்பதாகும். கம்ப்யூட்டர் துறையில் பெரிய பதவிகளில் இருக்கும் நண்பர்கள் பலர் இந்த அரங்கில் இருக்க, கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் என்னை ஏன் கூப்பிட்டார் என்று அவரிடமே கேட்டேன். "அவங்க எல்லாம் அடுத்தவங்களுக்குச் செஞ்சு குடுக்கறவங்க. நீங்க தானுங்கண்ணா சொந்தக் காசைப் போட்டுச் செஞ்சு பாத்தவரு. அதனால நீங்களே பேசுங்க" என்றார். ஆகவே நான் இங்கு பேசப்போவது தொழில்நுட்பம் அல்ல. ஒன்பது தொழிலாளிகளுக்கு வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டிய ஒருவனின் கணக்கு என்று எடுத்துக் கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் கிரைண்டரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும், நம் ஊர் மோட்டாரும், நம் ஊர் லேத்துக்காரரின் கையும் சேர்ந்து உருவானது. ஆனால் இதே பொருளைச் செய்கிற பட்டறைகள் நம் ஊரில் வீதிக்கு வீதி உண்டு. இத்தனை பேருக்கு நடுவே, சேலத்தில் இருக்கிற ஓர் அம்மாளோ சிங்கப்பூரில் இருக்கிற ஒரு தம்பியோ என் பட்டறையை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்தாலும், இவன் நம்பத் தகுந்தவன்தானா என்று எப்படித் தெரிந்து கொள்வார்? கேள்வி இவ்வளவுதான். இதற்குப் பதில் சொல்வதுதான் இணையதளத்தின் வேலை.

ஒரு சிறிய வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது இந்த வலைக்கு 1989-ஆம் ஆண்டு திட்டம் எழுதினார். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி, இதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது. '.இன்' என்று முடியும் முகவரிகள் 2005-இல் எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. இதையெல்லாம் சொல்லக் காரணம் ஒன்றுண்டு. வலை என்பது எந்த ஒரு முதலாளிக்கும் சொந்தமானதல்ல. அதில் பெரிய நிறுவனம் வைத்திருக்கும் முகவரிக்கும், நம் பட்டறை வைத்திருக்கும் முகவரிக்கும் உரிமையில் வித்தியாசம் கிடையாது. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஊரில், காலி மனை ஒன்றை நம் பெயருக்கே எழுதித் தருகிறார்கள் என்றால் அதை வேண்டாம் என்று சொல்லலாமா?

இந்த இடத்தில் நண்பர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரராக உட்கார்ந்திருந்த நம் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். "ஏனப்பா, வாட்ஸ்அப் இருக்குது, இன்ஸ்டாகிராம் இருக்குது, பெரிய பெரிய விற்பனைத் தளம் எல்லாம் இருக்குது. எல்லாம் சும்மாவே கிடைக்கறப்போ நீ எதுக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்கிட்டு அலையறே?" நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்க் கடை போடுகிறோம். கூட்டம் தானாக வருகிறது. வியாபாரம் ஆகிறது. சுங்கம் கட்டுகிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் சந்தையில் நமக்கு இடம் தருவதும், அடுத்த வாரம் மாற்றுவதும், நம் கடைக்கு எதிரிலேயே நம்மைவிட நாலு காசு குறைத்து விற்பவனை உட்கார வைப்பதும் சந்தைக்காரர் கையில் இருக்கிறது. வாங்கினவர் யார், எந்த ஊர், அடுத்த வருஷம் அவருக்கு பெல்ட் வேண்டியிருக்குமா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது, சந்தைக்காரருக்குத்தான் தெரியும். சொந்தக் கடை இருப்பவன் சந்தைக்கும் போகலாம். சந்தையை மட்டும் நம்பியிருப்பவனுக்கு, சந்தை கூடாத நாளில் போக்கிடம் கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நடந்ததைப் பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009-இல் மூடினார்கள். நம் பிள்ளைகள் எல்லாம் குடியிருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதை மட்டுமே நம்பி ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இராத்திரியில் அத்தனை பேரையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தாற்போல ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்று போயின. சிறு கடைகளுக்காகக் கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த ஒற்றைப் பக்க இணையதளங்களையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் இடம், அவரவர் முடிவு. அது நம் இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

என் பட்டறைக்கே நேர்ந்ததையும் சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. நாங்கள் ஒரு பெரிய விற்பனைத் தளத்திலும் சரக்கு போட்டுக் கொண்டிருந்தோம். எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் எங்கள் கடை அங்கே இல்லை. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு மின்னஞ்சல். என்ன புகார், யார் கொடுத்தது என்று விவரம் இல்லை. ஆவணங்கள் அனுப்பினோம், மறுபடியும் அனுப்பினோம். போனில் பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைக்கவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, எந்த விளக்கமும் இல்லாமல் கடையைத் திறந்து விட்டார்கள். அந்தப் பத்தொன்பது நாளும் எங்களுக்குத் தீபாவளி சீசன். ஒன்பது குடும்பங்களுக்கு போனஸ் கொடுக்க வேண்டிய நேரம்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்தது 2014-இல் ஆரம்பித்த எங்கள் சொந்த இணையதளம்தான். முழு இழப்பையும் அது ஈடுகட்டியது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒவ்வொரு கிரைண்டர் பெட்டியிலும் நாங்கள் வைத்தனுப்பும் கேரண்டி அட்டையில் எங்கள் தள முகவரி அச்சாகியிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் அங்கே வந்தார்கள். தங்கள் சொந்தக்காரர்களையும் அனுப்பினார்கள். முன்பு எங்களிடம் நேராக வாங்கியவர்களின் பட்டியல் எங்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு ஒரு தகவல் அனுப்ப முடிந்தது. போனஸைக் கொஞ்சம் குறைத்துக்கூடக் கொடுக்கவில்லை என்பதை இந்த மேடையில் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, அந்தத் தளத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? 'எங்கள் நிறுவனம் தரத்தில் சிறந்தது, சேவையில் உயர்ந்தது' என்று எழுதி, கைகுலுக்குகிற படம் ஒன்றைப் போட்டால் யாரும் வரமாட்டார்கள். வாடிக்கையாளர் தினமும் நம்மிடம் போனில் கேட்கிற கேள்விகள்தான் தளத்துக்குச் சரக்கு. எங்களுக்கு அதிகம் வரும் போன் இதுதான்: "ஏனுங்க, பெல்ட் அறுந்து போச்சுங்க. மிஷின்ல பேரு எல்லாம் அழிஞ்சு போச்சு. எந்த சைஸ் வாங்கறதுங்க?" லேத்தில் கை வைத்திருக்கும்போது இதற்கு ஒரு நாளில் பத்து முறை பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறுந்த பெல்ட்டை எப்படி அளப்பது, எங்கள் எந்த மாடலுக்கு எந்த பெல்ட் என்று அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டோம். இன்றைக்கு அந்தப் பக்கம், நான் தூங்கிக் கொண்டிருக்கும் இரவு பதினொரு மணிக்கும் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறது. பெல்ட் வாங்க வந்தவர் குழவிக்கல்லுக்கும் விலை பார்க்கிறார். மூன்று வருஷம் கழித்துப் புது கிரைண்டருக்கும் அங்கேயே வருகிறார்.

இன்னொரு பக்கம், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதினது. நம் நாட்டில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊருக்கு வந்த பிள்ளைகள் இங்கே கிரைண்டரை வாங்கி, அங்கே போய் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரை மாட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். நம் பேராசிரியர் இரண்டாம் ஆண்டில் கரும்பலகையில் போட்ட அதே கணக்குதான்! ஆகவே அமெரிக்காவுக்கு என்றால் அந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற மோட்டாரோடு வாங்குங்கள், எங்களிடம் இல்லாவிட்டால் வேறு யாரிடமாவது வாங்குங்கள் என்று எழுதி வைத்தோம். 'வேறு யாரிடமாவது' என்று எழுதியதற்காக என் மகன் கோபித்துக் கொண்டான். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் எங்களை நம்பினோம் என்று சொன்னவர்கள் உண்டு. விற்பனைத் தளத்தில் அவர்கள் கொடுக்கிற கட்டத்துக்குள் நாலு வரிதான் எழுத முடியும். தெரிந்ததை முழுசாகச் சொல்வதற்குச் சொந்த இடம் வேண்டும்.

தமிழிலும் எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதினதை மற்றவர் படிக்க முடியாமல் தவித்தோம். இன்று யூனிகோடு வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. செல்போனில் தமிழில் பேசியே தேடுகிறார்கள். 'கிரைண்டர் கல் கொத்துவது எப்படி' என்று ஓர் அம்மாள் கேட்டால், அதற்குத் தமிழில் யார் பதில் எழுதி வைத்திருக்கிறார்களோ அவரிடம்தான் வந்து சேருவார்.

நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைக்கு ஒரு கம்பெனியின் சர்வீஸ் நம்பரைத் தேடினால், போலி நம்பர்கள் முன்னால் வந்து நிற்கின்றன. அதில் கூப்பிட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் செய்தியைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். நம்முடைய சரியான நம்பர், சரியான விலாசம், பட்டறையின் படம் இவை நம் சொந்த முகவரியில் இருந்தால், வாடிக்கையாளர் ஒத்துப்பார்த்துக் கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அந்த முகவரியிலேயே மின்னஞ்சலும் வைத்துக் கொள்ளலாம். கொட்டேஷன் அனுப்பும்போது அதற்கு உள்ள மதிப்பே தனி. இணையத்தில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இருக்கின்றன. சட்டப்படியான பெயர், விலாசம், குறைதீர்க்கும் அலுவலரின் விவரம் எல்லாம் தெரியும்படி வைக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ஒழுங்காகத் தொழில் செய்கிறவனுக்கு இது பாரம் இல்லை, விளம்பரம்! ஜி.எஸ்.டி. விஷயத்தை மட்டும் வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இணையதளம் அவசியமா என்றால், இல்லை என்றே சொல்வேன். முக்கு டீக்கடைக்கு எதற்கு? மேப்பில் சரியான இடமும், திறந்திருக்கும் நேரமும், ஒரு போன் நம்பரும் இருந்தால் போதும். வாங்குபவர் யோசித்து, விசாரித்து, ஒப்பிட்டு வாங்குகிற பொருள் என்றால் வேண்டும். வெளியூர்க்காரர் வாங்குவதென்றால் வேண்டும். விற்ற பிறகும் சர்வீஸ், ஸ்பேர் என்று உறவு தொடர்கிறதென்றால் கண்டிப்பாக வேண்டும். அதோடு, இன்று ஆரம்பித்தால் நாளை கூட்டம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்னம்பிள்ளை நட்ட மாதிரிதான். எங்களுக்கு முதல் ஒரு வருஷம் மாதத்துக்கு நாலைந்து விசாரணைக்கு மேல் வந்ததில்லை.

இனி, செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலாவதும் முக்கியமானதும்: முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் பதிவு செய்யுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நம் தோழர் ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்த பையன், முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தான். அவன் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டான். புதுப்பிக்கிற தேதியும் போய்விட்டது. ஏழு வருஷமாக பில் புத்தகத்திலும் அட்டைப் பெட்டியிலும் அச்சடித்த பெயரை வேறு யாரோ எடுத்துக் கொண்டார்கள். மனையை மேஸ்திரி பேரில் பத்திரம் பண்ணுவோமா? பண்ண மாட்டோம் அல்லவா? அதே மாதிரிதான் இதுவும். செலவு என்று பார்த்தால் '.இன்' முகவரிக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். அந்தத் தேதியை ஆயுத பூஜை மாதிரி மறக்காமல் வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, தளத்தில் உள்ள எழுத்து, படம், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் எப்போதும் இருக்கட்டும். அந்தப் பட்டியல் நம்மை நம்பிக் கொடுத்தது. யாருக்கும் விற்காதீர்கள், தினமும் செய்தி அனுப்பித் தொந்தரவும் செய்யாதீர்கள். மூன்றாவது, பாதிப் பேருக்கு மேல் செல்போனில்தான் பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொண்டு செய்யுங்கள். கிராமத்தில் சிக்னல் குறைவாக இருக்கும் இடத்திலும் சட்டென்று திறக்க வேண்டும். ஆடுகிற படமும் பாட்டும் வேண்டாம். நான்காவது, விலையை எழுதுங்கள். விலையை மறைத்து 'தொடர்பு கொள்ளவும்' என்று போட்டால், பாதிப் பேர் தொடர்பு கொள்ளாமலேயே போய்விடுவார்கள். ஐந்தாவது, விற்பனைத் தளத்தையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிட வேண்டாம். அங்கே அறிமுகமாகிறவரை உங்கள் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தச் சங்கத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்க விரும்புகிறேன். நம் முன்னாள் மாணவர்களில் பட்டறை, மில், பேக்கரி, நர்சரி என்று சிறுதொழில் செய்பவர்கள் ஏராளம். இங்கே இறுதியாண்டு படிக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட் செய்கிறார்கள். அதில் பல, மதிப்பெண் வாங்கினதும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஆண்டுக்குப் பத்துத் தொழில்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு இரண்டு மாணவர்களாகப் போய் ஒரு வாரம் அந்தப் பட்டறையிலேயே உட்காரட்டும். என்ன போன் வருகிறது, வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று நோட்டில் எழுதட்டும். அதன் பிறகு தளத்தைச் செய்யட்டும். முகவரி முதலாளி பெயரில் இருக்கட்டும். செய்த பிள்ளைகளுக்கு நியாயமான கூலியும் கொடுக்கட்டும். முதல் ஆண்டுக்கான பத்து முகவரிகளின் செலவை நான் ஏற்றுக் கொள்கிறேன் என்று இந்த மேடையிலேயே சொல்லி விடுகிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, எங்கள் தலைமுறைத் தொழிலாளிகளின் கையில் இருக்கிற அறிவில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே அதில் விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லுகிற ஒருவர் என் பட்டறையில் இருக்கிறார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவருக்குத் தெரிந்ததை அவர் பெயரோடு எங்கள் தளத்தில் எழுதி வைக்க ஆரம்பித்திருக்கிறோம். வியாபாரத்துக்கு வழி காட்டுகிற அதே இடம், தொழிலின் ஏட்டுச்சுவடியாகவும் இருக்கட்டும். அதை எழுதிக் கொடுக்க உங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் வேண்டும். வாருங்கள், பட்டறைக் கதவு திறந்துதான் இருக்கிறது.